மூன்று துறைகளும் ஒரு ஞானஸ்நானமும்

முள் எடுத்த மீன் தருகிறோம் என்று விற்பனைத் துறை துபாய்க்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டது. உற்பத்தித் துறையோ முள்ளோடு பாதிச் சரக்கைப் பெட்டியில் அடைத்துவிட்டது. தரத்துறை இதைக் கண்டுபிடித்து, யாரிடமும் மூச்சு விடாமல், குளிர் அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டது.

இந்த மூன்றையும் ஒரு வண்டியில் பூட்டி ஓட்டுவதுதான் ஹெர்மினியாவின் பிழைப்பு. பிலிப்பைன்ஸில் இலோயிலோ நகரின் அந்தப் பாங்குஸ் மீன் கம்பெனியில் அவள் திட்ட மேலாளர். துபாய்ச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

முதலில் கூட்டம் போட்டாள். விற்பனை வில்ஃபிரெடோவும் உற்பத்தி எல்மரும் ஒருவரையொருவர் திட்டுவதற்குக்கூட அவளையே தூது அனுப்பினார்கள். தரத்துறை நெனிட்டா குளிர் அறைச் சாவி இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி, பழகினால் ஒட்டுவார்கள் என்று மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தாள். மறுநாள் பார்த்தால் மேசைகளுக்கு நடுவே பீரோக்கள் சுவர்போல நின்றன.

அந்தச் சமயத்தில் எல்மருக்குப் பிள்ளை பிறந்தது. ஹெர்மினியாவுக்குப் பொறி தட்டியது.

பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவனும் பெற்றவனும் ஒருவருக்கொருவர் கும்பாரே; ஞானத்தாய்க்கும் பெற்றவன் கும்பாரேதான். கும்பாரேயிடம் முகத்தை முறித்துக்கொள்ள அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. அவள் வீடு வீடாக அலைந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வில்ஃபிரெடோவை ஞானத்தகப்பனாகவும் நெனிட்டாவை ஞானத்தாயாகவும் நிற்கவைத்தாள். விருந்துக்கு முழுப் பன்றியைச் சுட்டார்கள்.

திங்கட்கிழமை பீரோக்கள் ஓரத்துக்குப் போயிருந்தன.

"பாரே, முள் எடுக்க இன்னும் ரெண்டு நாள் வேணும்" என்றான் எல்மர், கும்பாரேயைச் செல்லமாகச் சுருக்கி.

"எடுத்துக்க பாரே. துபாய்க்காரனை நான் பாத்துக்கறேன்" என்றான் வில்ஃபிரெடோ.

ஹெர்மினியா கழிவறைக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதுவிட்டு வந்தாள்.

பிறகு கம்பெனியே தொற்று பிடித்ததுபோல ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானப்பெற்றோர் ஆனது. எல்லா விருந்திலும் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். எல்மரின் இரண்டு நாள் மட்டும் இரண்டு வாரமானது. கும்பாரேயை விரட்ட வில்ஃபிரெடோவுக்குக் கூச்சம். கடைசியில் அவசர அவசரமாகப் பெட்டி கட்டினார்கள். நெனிட்டா ஒன்றைத் திறந்து பார்த்தபோது விரலில் முள் குத்தியது. விரலைச் சூப்பிக்கொண்டே முத்திரையைப் போட்டுவிட்டாள்.

துபாயில் சரக்கை வாங்க மறுத்துவிட்டார்கள்.

"தெரிஞ்சே எப்படி விட்டீங்க?" என்று ஹெர்மினியா கேட்டாள்.

"கும்பாரேயைக் காட்டிக் கொடுத்துட்டு எந்த முகத்தோட மேடம் கோயிலுக்குப் போறது?" என்றாள் நெனிட்டா.

முதலாளி விசாரணைக் குழு அமைத்தார். குழுவில் அதே மூவர். ஒருவர் பெயரை இன்னொருவர் எழுத மாட்டார், விசாரணை ஈஸ்டர் வரை இழுக்கும் என்று ஹெர்மினியா கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். குற்றவாளி திட்ட மேலாளர் என்று மூன்று துறைகளும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தன. அந்தக் கம்பெனியில் எல்லாத் துறைகளும் ஒத்துழைத்து, சொன்ன நேரத்துக்கு முன்னால் முடித்த ஒரே காரியம் அதுதான்.

சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, கடைசியாக ஒரு காபி குடிக்க கேன்டீனுக்குப் போனாள். அங்கே சமையல் செய்யும் லூஸ் என்ற பெண்ணுக்கு நிறைமாதம். அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், என் பிள்ளைக்கு நீங்க ஞானத்தாயா நிக்கணும்."

ஹெர்மினியா காபியைக் கீழே வைத்தாள். "இத்தனை ஞானஸ்நானம் நடந்துச்சு, ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடலை. வேலை போன அன்னிக்குத்தான் உனக்குக் கேக்கத் தோணிச்சா?"

"முன்னாடியே கேக்கணும்னு ஆசை மேடம். முதலாளிதான் அந்த மொத விருந்திலேயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, மேடத்தை மட்டும் யாரும் உறவாக்கிக்காதீங்க, நாளைக்குப் பழி போட ஒரு ஆளாவது வேணும்னு."