அப்பா எழுந்து போக முடியாத இடம்

என் அப்பாவிடம் அவருக்குப் பிடிக்காத விஷயம் எதையும் முழுதாகச் சொல்லி முடித்தவர் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. அவர் கத்த மாட்டார், திட்ட மாட்டார். எழுந்து போய்விடுவார். நாம் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போது எதிரே வெறும் நாற்காலி இருக்கும். வீட்டில் ஆரம்பித்தால் தன் கடைக்குப் போவார். கடையில் ஆரம்பித்தால் பின்னறைக்குச் சாம்பிராணி எடுக்கப் போவார். காரில் ஆரம்பித்தால் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போவார். (தம்பி ஒருமுறை பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்று சொல்லி முடிக்கப் பார்த்தான். அப்பா உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார்.)

நான் குலிம் நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதன் மூல காரணத்தைக் கண்டுபிடித்து அடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனவே இதையும் அப்படியே அணுகினேன். கோளாறு: அப்பா எழுந்து போகிறார். மூல காரணம்: அப்பாவுக்குக் கால்கள் இருக்கின்றன. தீர்வு: கால்கள் உதவாத இடம்.

ஏரி. நடு ஏரி.

சொல்ல வேண்டிய விஷயத்தின் பெயர் தினேஷ். எங்கள் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. பாடாங் மேஹா பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பம். அப்பா சுங்கைப்பட்டாணியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். 'நாங்க கடைக்காரங்க' என்பதை மற்றவர்கள் பட்டம் வாங்கியதைச் சொல்வது போலச் சொல்வார். தோட்டத்து மக்கள் அவருக்கு நல்ல வாடிக்கையாளர்கள். சம்பந்தி என்ற கோணத்தில் அவர்களை அவர் யோசித்ததில்லை. இதற்கிடையில் யான் என்ற ஊரில் இருந்து ஒரு குடும்பம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. அப்பாவுக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் இன்னும் அதிகமாகப் பொருந்திவிட்டது. அந்த ஞாயிறு வருவதற்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். அப்பாவின் காது அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இருவர் உட்காரும், காற்றடைக்கும் கயாக் என்ற துடுப்புப் படகு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வீட்டு முற்றத்தில் காற்றடித்து, சோப்பு நீர் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். உயிர்காப்பு அங்கிகளை எடை பார்த்து வாங்கினேன். காற்றின் வேகம், மழைக்கான வாய்ப்பு, சீக் என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் அணை ஏரிக்குப் போகும் சாலையின் நிலவரம் வரை ஆராய்ந்தேன். வீட்டில் ஏரிக்கு ஒரு சின்ன உல்லாசப் பயணம் என்றேன். தினேஷை 'கயாக் நல்லாத் தெரிஞ்ச ஆபீஸ் நண்பர்' என்று அவர்களிடம் சொல்லிக் கூடவே வரச் சொன்னேன்.

"எனக்கு நீச்சலே தெரியாதுலா," என்றான் தினேஷ்.

"நீ கரையில நில்லு. அப்பாவப் பார்த்துச் சிரி. அது போதும்."

"கயாக் பத்தி ஏதாச்சும் கேட்டாரு?"

"வீடியோ பாரு."

ஏரிக்கரையில் கயாக்கை விரித்துக் காற்றடித்து முடித்தபோது, அம்மா காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார். அதில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், வாழைப்பழம், ஊதுபத்தி, எலுமிச்சம்பழங்கள். எங்கள் வீட்டுக்குச் சக்கரம் வைத்த எது புதிதாக வந்தாலும் பூஜை போடாமல் நகராது. தம்பியின் முதல் சைக்கிளுக்குக்கூடத் தேங்காய் உடைத்திருக்கிறோம். இதற்குச் சக்கரம் இல்லையே என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன்.

அப்பா எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு கயாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"டயர் இல்லாத வண்டிக்குப் பழத்த எங்கம்மா வைக்கிறது?"

"வைக்க வேணாம்பா. இது வண்டி இல்ல."

"வண்டி இல்லாம? ஆளு ஏறிப் போறது எல்லாம் வண்டிதான்."

தினேஷ் தொண்டையைச் செருமினான். "அடியில வைக்கலாம் அங்கிள். தண்ணிக்குத் தள்ளும்போது மேல ஏறி நசுங்கிடும்."

அப்பா அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "தம்பிக்கு விஷயம் தெரியுது."

(எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. அப்பாவிடம் இருந்து இப்படி ஒரு பாராட்டுக் கேட்க என் தம்பி இன்னும் காத்திருக்கிறான்.)

தள்ளினோம். கயாக் பழங்களின் மேல் மெத்தையாக ஏறி இறங்கியது. பழங்கள் மறுபக்கம் ஒரு கீறலும் இல்லாமல் உருண்டு வந்தன. இன்னொரு முறை தள்ளினோம். மறுபடியும் உருண்டு வந்தன. கரையில் அன்னப்பறவை வடிவ மிதிபடகுகளை வாடகைக்கு விடும் மலாய்க்காரர் பாக் மாட், வாயில் இருந்த சிகரெட்டை இழுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா செருப்புக் காலால் மிதித்து நசுக்கிச் சடங்கை நிறைவு செய்தார்.

கற்பூரத்தைக் கயாக்குக்கு அருகில் கொண்டுவரக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். தீ, பிளாஸ்டிக், பாதுகாப்பு இடைவெளி என்று ஒரு சிறு வகுப்பே எடுத்தேன். அம்மா பயபக்தியோடு தள்ளி நின்று கற்பூரம் காட்டினார். வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்திதான் காற்றில் அணைந்து அணைந்து போனது. "அணைஞ்சா நல்லதில்லயே" என்று அம்மா முகம் வாடினார். காற்றுப் படாத இடம் எது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கண்டுபிடித்தேன். என் கையாலேயே பழத்தைத் தூக்கிக் கயாக்கின் பின் இருக்கைக்குப் பின்னால், பக்கச்சுவரை ஒட்டிப் பத்திரமாக வைத்தேன். பத்தி அழகாக, நேராக, சுவரில் சாய்ந்தபடி எரிந்தது. தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது.

அடுத்த சிக்கல் யார் எங்கே உட்காருவது என்பது. கனமானவர் பின்னால் உட்கார வேண்டும் என்றேன். அப்பா சிரித்தார். "ஓட்டுறவன் பின்னாடி உக்காந்து எந்த ஊருல பார்த்திருக்க?" முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனவே நான் என் வாழ்க்கையின் மிக முக்கியமான பேச்சை அவருடைய பிடரியோடு நடத்த வேண்டியதாயிற்று.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. அப்பா துடுப்பை அண்டாவில் பாயசம் கிளறுபவரைப் போலப் போட்டார். நாங்கள் வட்டம் வட்டமாகச் சுற்றி, எப்படியோ கரையை விட்டு விலகிவிட்டோம். அம்மா கரையில் சிறியதாகத் தெரிந்தார். தினேஷ் சொன்னபடி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்கும்மா," என்றார் அப்பா. "ஒரு போன் இல்ல. ஒரு மனுசன் இல்ல."

இதைவிட நல்ல நேரம் வராது என்று முடிவு செய்தேன்.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

துடுப்பு நின்றது. அவருடைய பிடரி விறைத்தது. பழக்க தோஷத்தில் இடுப்பை லேசாகத் தூக்கினார். கயாக் ஆடியது. மறுபடி உட்கார்ந்துவிட்டார். என் திட்டம் வேலை செய்தது! அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட பெருமை, பட்டமளிப்பு விழாவில்கூட ஏற்பட்டதில்லை.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவது போல ஒரு சத்தம் கேட்டது. உஸ்ஸ்ஸ்.

திரும்பிப் பார்த்தேன். பக்கச்சுவரில், ஊதுபத்தி சாய்ந்திருந்த அதே இடத்தில், பத்தியின் பருமனுக்குக் கச்சிதமாக ஒரு வட்டத் துளை. நான் ஆள்காட்டி விரலால் பொத்தினேன். சத்தம் குறைந்தது. விரலை எடுத்தால் உஸ். பொத்தினால் இல்லை. ஒரு கை பின்னால் மாட்டிக்கொண்டதில் துடுப்புப் போட முடியவில்லை.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லப்பா. சின்னக் காத்து. இதுல மூணு அறை இருக்கு. ஒண்ணு போனாலும் மத்த ரெண்டும் தாங்கும்."

"ஒண்ணு போயிடுச்சா?"

"போயிக்கிட்டு இருக்கு."

அப்பா பார்க்கத் திரும்பினார். பார்ப்பதற்கு வசதியாக, இளகிப்போய்க்கொண்டிருந்த பக்கமே சாய்ந்தார். கயாக் அந்தப் பக்கமாக மடங்கியது. தேநீர் நிறத்தில் ஏரித் தண்ணீர் உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது.

"நீ சொல்ல வந்தது இதுதானா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, அது வேற."

"இதுக்கு மேலயா? சொல்லித் தொலைம்மா, சீக்கிரம்!"

"எனக்குத் தினேஷப் பிடிச்சிருக்கு. அவனத்தான் கல்யாணம் பண்ணிக்கணும். யான்காரங்கள வர வேணாம்னு சொல்லிருங்கப்பா."

சொல்லிவிட்டேன். முழு வாக்கியம். முற்றுப்புள்ளி வரை. எங்கள் குடும்ப வரலாற்றில் முதல்முறை.

"எந்தத் தினேஷு? அங்க நின்னு இளிச்சிக்கிட்டு இருக்கானே, அவனா?"

"ஆமாப்பா."

"எந்த ஊரு?"

"பாடாங் மேஹா. தோட்டம்."

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்பா யோசித்தார். "பாடாங் மேஹாவா? ஆடித் திருவிழாவுக்கு நம்ம கடையிலதான் சாமான் எடுக்குறாங்க. தலைவரு ரொம்பப் பேரம் பேசுவாரு. அவங்களுக்குச் சொந்தமா?"

"அப்பா, நாம மூழ்குறோம்!"

கரையிலிருந்து பாக் மாட் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு கத்தினார். "அண்ணே! பெர்டிரி லா! பெர்டிரி!"

எழுந்து நிற்கச் சொல்கிறார். நட்ட நடு ஏரியில் எப்படி நிற்பது என்று நான் எரிச்சல் படுவதற்குள் கயாக் முழுதாகக் கவிழ்ந்தது. தண்ணீருக்குள் போனேன், அலறினேன், கையையும் காலையும் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நெஞ்சளவு தண்ணீரில். நிலையாக. தரையில்.

மழையில்லாத மாதங்கள். ஏரி வற்றியிருந்தது. காற்று, மழை, சாலை எல்லாம் பார்த்த நான் ஆழத்தைப் பார்க்கவில்லை. ஏரி என்றால் ஆழமாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். அவை வேலை செய்வதை உறுதி செய்துகொண்டார். பிறகு, திரும்பி, எழுந்து போயேவிட்டார்.

ஏரியின் வழியாக. நடந்து.

உயிர்காப்பு அங்கி அவரை மேலே தூக்க, சேறு கீழே இழுக்க, நிலாவில் நடப்பவர் போல ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். நான் காற்றுப் போன கயாக்கை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். "அப்பா, நில்லுங்கப்பா!" அவர் திரும்பவில்லை.

எதிரே ஓர் அன்னப்பறவை வந்தது. உள்ளே தினேஷும் அம்மாவும் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, ஏறுங்க!" என்றார் அம்மா.

அப்பா நடந்தார்.

"அங்கிள், ஏறுங்க அங்கிள்!" தினேஷ் அன்னத்தைத் திருப்பி அவர் பக்கத்திலேயே ஓட்டினான். அப்பாவும் அன்னமும் ஒரே வேகத்தில் கரையை நோக்கி வந்தார்கள். கரையில் இருந்த குடும்பங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள்.

"அவகிட்ட கோவப்படாதீங்க அங்கிள். நாந்தான் முதல்ல வந்து சொல்லியிருக்கணும்," என்றான் தினேஷ். அப்பா நடந்துகொண்டே இருந்தார். தினேஷ் ஒரு முறை தண்ணீரைப் பார்த்தான், கண்ணை இறுக மூடினான், குதித்தான்.

அங்கி போடவில்லை. நீச்சல் தெரியாது. அங்கே தண்ணீர் இடுப்பளவுதான் என்பது பயத்தில் உறைக்கவில்லை. மல்லாந்து விழுந்து, சாமி பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டு, இடுப்பளவு தண்ணீரில் முறையாக மூழ்க ஆரம்பித்தான்.

அப்பா நின்றார். குனிந்தார். தினேஷின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"எந்திரி. இடுப்பளவுதான்."

தினேஷ் இருமினான்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது அங்கிள்."

"அப்புறம் எதுக்குக் குதிச்ச?"

"நீங்க போய்க்கிட்டே இருந்தீங்க அங்கிள். உக்காந்துக்கிட்டுப் பேசுனா மரியாதையா இருக்காதுன்னு..."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். காலரை விடவில்லை. கரைக்கு அப்படியே கூட்டிக்கொண்டு போனார். கைதியா, மாப்பிள்ளையா என்று பின்னாலிருந்து பார்த்த எனக்குப் புரியவில்லை. நடுவில், கூட மிதிக்க ஆளில்லாத அன்னத்தில் அம்மா தனியாக வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

கரையில் பாக் மாட் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டியபடி, அப்பா வாயைத் திறந்தார்.

"வீட்டுல பெரியவங்க யாரு இருக்கா?"

"அப்பா, அம்மா, பெரியப்பா இருக்காங்க அங்கிள்."

"அடுத்த ஞாயிறு வரச் சொல்லு. யான்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்." துண்டைப் பிழிந்தார். "கார்ல வரச் சொல்லு."

வந்தார்கள். காரில்தான் வந்தார்கள். தினேஷின் பெரியப்பாதான் அந்தப் பேரம் பேசும் கோவில் தலைவர் என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போது தெரியவந்தது. தட்டு மாற்றுவதற்கு முன்பே அப்பாவும் அவரும் ஊதுபத்தி விலையில் முட்டிக்கொண்டது தனிக் கதை.

கல்யாணம் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் மாறிவிட்டது: அப்பா இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை. வீட்டில் யார் 'அப்பா, ஒரு விஷயம்' என்று ஆரம்பித்தாலும், முதலில் குனிந்து தன் காலடியைப் பார்க்கிறார். போன வாரம் தம்பி, வேலையை விட்டுவிட்டு உணவு வண்டி போடப் போவதாகச் சொல்ல வந்தான். அப்பா குனிந்தார். வலது காலைத் தூக்கிப் பார்த்தார். இடது காலைத் தூக்கிப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்கு," என்றார். "சொல்லு."