ஹின்ரிக்குக்கு வாசலோடு சரி

"மன்னிக்கணும் சார். உங்களை உள்ள விட முடியாது."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் இதைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். ஹின்ரிக் டீர்க்சன் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். மத்தியானம்தான் பாலிஷ் போட்டிருந்தார்.

"டை கோணலா இருக்கா?"

"டை எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். உங்க அடையாள அட்டையைப் போட்டா, உங்க பேருக்கு நேரா தடைன்னு வருது."

"என்ன தடை?"

"சூதாட்டத் தடை. நாட்டுல எந்த காசினோவுக்குள்ளயும் நீங்க போகக்கூடாது."

ஹின்ரிக்குக்குப் பின்னால் அவருடைய பந்துருட்டும் சங்கம் முழுவதும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதுவரை மழையைப் பற்றிச் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஹாம்பர்க்காரர்கள் மழையைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்றால் விஷயம் சாதாரணமானதல்ல.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உருட்டிய பந்து ஒன்பது கட்டையில் ஒன்றையும் தொடாமல் ஓரக் குழியில் விழுந்தால், விழ வைத்தவர் பீங்கான் பன்றி உண்டியலில் ஒரு நாணயம் போட வேண்டும். பன்றி நிறைந்ததும் எல்லோருமாக ஒரு மாலை வெளியே கிளம்புவார்கள். பன்றியின் வயிற்றில் ஒரு பூட்டு. அதன் சாவி ஹின்ரிக்கிடம். இத்தனை வருடத்தில் அந்தச் சாவியைப் பற்றி யாரும் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை. வழக்கமாகத் துறைமுகத்தில் மீன் சாப்பிடப் போவார்கள். இந்த வருடம் தலைவர் ஃபோல்கெர்ட், "செத்த மீனையே எத்தனை தடவை பார்க்குறது? காசினோவுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டார்.

ஹின்ரிக் சிரிக்கப் பார்த்தார். "இது வேற யாரோ ஹின்ரிக்கா இருக்கும்மா. நான் காசினோ வாசலை மிதிச்சதே இல்லை. லாட்டரிச் சீட்டுகூட வாங்கினதில்லை."

"பிறந்த தேதி, ஊர், முகவரி எல்லாம் உங்களோடதுதான் சார்."

அவர் தோளில் மெதுவாக ஒரு கை விழுந்தது. ஃப்ரவுக்கேயின் கை. பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆலோசனை சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"ஹின்ரிக், இல்லைன்னு சாதிக்கிறதுதான் முதல் அறிகுறி. பரவாயில்லை. நாங்க எல்லாரும் இருக்கோம்."

"என்ன அறிகுறி? எனக்கு ஒண்ணும் இல்லைங்கறேன்."

"பார்த்தீங்களா" என்று ஃப்ரவுக்கே மற்றவர்களைப் பார்த்து வருத்தத்தோடு தலையாட்டினார்.

வாயைக் கொடுத்தால் இந்த அம்மாளிடம் மாட்டிக்கொள்வோம் என்று ஹின்ரிக் மறுபடி அந்தப் பெண்ணிடமே திரும்பினார். "இந்தத் தடையை யார் போட்டது? அதையாவது சொல்லு."

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை சார். சில பேர் தனக்குத் தானே தடை கேட்டு எழுதிக் குடுப்பாங்க. உங்களோடது அப்படி இல்லை. குடும்பத்துல இருந்து கேட்டிருக்காங்க. உங்களுக்குத் தபால் வந்திருக்குமே."

குடும்பத்தில் இருந்து என்றால் மனைவி வீப்கேதான். வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளை குட்டி இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. தபால் வந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. தபாலைப் பிரிப்பது, கட்ட வேண்டியதைக் கட்டுவது, கிழிக்க வேண்டியதைக் கிழிப்பது எல்லாம் வீப்கேயின் இலாகா.

ஹின்ரிக்குக்குக் காது இரண்டும் சூடாகின. ஊர் கூடித் திட்டினால்கூட அவர் தட்டிவிட்டுப் போய்விடுவார். வீப்கே தன்னை நம்பவில்லை என்றால் அவரால் தாங்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துத்தான் தான் யார் என்று தெரிந்துகொண்ட மனிதர் அவர்.

"பொய்" என்றார் கொஞ்சம் உரக்க. "என் பெண்டாட்டி அப்படிச் செய்யவே மாட்டா."

குரல் உயர்ந்ததும் தூணோரம் நின்ற காவலாளி இரண்டு எட்டு முன்னால் வந்தான். மலை மாதிரி இருந்தான். "ஏதாவது பிரச்சினையா சார்?" என்று பணிவாகக் கேட்டான்.

"கோபம் ரெண்டாவது அறிகுறி" என்று ஃப்ரவுக்கே அவனுக்கு விளக்கினார்.

ஹின்ரிக் கைப்பேசியை எடுத்து வீப்கேயைக் கூப்பிட்டார். அவளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தக் கூத்து முடிந்துபோகும். அவள் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது: இன்று வியாழக்கிழமை. வியாழன் என்றால் அவளுக்குத் தேவாலயத்தில் சேர்ந்திசைப் பயிற்சி. பாடும்போது கைப்பேசி கூடாது. சில வருடங்களாகவே பயிற்சி நடக்கிறது. கச்சேரிதான் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. சுருதி சேரவில்லையாம்.

"எடுக்கலையா?" என்றார் ஃபோல்கெர்ட்.

"பாட்டுல இருக்கா."

"ம்" என்றார் ஃபோல்கெர்ட். பெண்டாட்டி போனை எடுக்காத புருஷனைப் பார்த்துச் சொல்கிற 'ம்' அது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹின்ரிக்கின் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "ஹின்ரிக், தப்பா எடுத்துக்காதேப்பா. அந்தப் பன்றிச் சாவி... சும்மா, கொஞ்ச நாளைக்கு, நான் வெச்சிருக்கட்டுமா?"

ஹின்ரிக்குக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனால் கொடுக்காமல் இருந்தால் இன்னும் மோசம். சாவி வளையத்திலிருந்து அந்தக் குட்டிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். கை நடுங்கியதால் அது கழலவே நேரமாயிற்று.

"நடுக்கம்" என்றார் ஃப்ரவுக்கே யாரிடமோ.

"நீங்க எல்லாரும் உள்ள போங்க" என்றார் ஹின்ரிக். "நான் இங்கயே காபி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"உன்னைத் தனியா விடறதா? ஒருத்தரும் போக மாட்டோம். சங்கம்னா சங்கம்."

ஃப்ரவுக்கே இப்படிச் சொன்னதும் மற்றவர்களும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்கள். முன்கூடத்து நாற்காலிகளில் எல்லோரும் ஹின்ரிக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. உள்ளே யாரோ ஜெயித்த சத்தம் கேட்டது. ஃபோல்கெர்ட் அந்தத் திசையையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வருடம் முழுக்கப் பந்தைக் குழியில் விட்டுச் சேர்த்த மாலை இப்படி வீணாகிறதே என்று ஹின்ரிக்குக்கு மனசு கேட்கவில்லை. இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல இவர்கள் இங்கேயே வேர் விட்டுவிடுவார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எழுந்து போவார்களோ?

"சரி" என்றார். "உண்மையைச் சொல்லிடறேன். நான் சூதாடிதான். ஒத்துக்கறேன். இப்பப் போய் விளையாடுங்க."

அது நடக்கவில்லை. ஃப்ரவுக்கேயின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "எவ்வளவு தைரியம்" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். இத்தனை வருடம் சேர்ந்து பந்து உருட்டியும் கை குலுக்குவதற்கு மேல் போகாதவர்கள்.

"எதுல ஆரம்பிச்சது?" என்று ஃபோல்கெர்ட் கேட்டார். அவர் குரலில் அனுதாபத்தோடு கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது. "ரூலெட் சக்கரமா, சீட்டா?"

"சக்கரம்" என்றார் ஹின்ரிக், சீக்கிரம் முடியட்டும் என்று.

"எவ்வளவு காலமா?"

"ரொம்ப காலமா."

"மூச்சு விடலையே நீ. அமுக்கமான ஆள்தான்."

கடைசியில் ஒரு வழியாக எழுந்தார்கள். போவதற்கு முன்னால் ஃப்ரவுக்கே அவருடைய பணப்பையை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். ரயிலுக்கும் ஒரு காபிக்கும் மட்டும் சில்லறை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். "திங்கட்கிழமை சாயங்காலம் உன்னை மாதிரி இருக்கறவங்க கூடற கூட்டம் ஒண்ணு இருக்கு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். வர மாட்டேன்னு சொல்லாதே."

"வரேன் ஃப்ரவுக்கே."

எல்லோரும் மாடிப்படி ஏறி மறைந்தார்கள். முன்கூடத்தில் ஹின்ரிக்கும் காவலாளியும் மிஞ்சினார்கள். காபி வந்தது. தட்டின் ஓரத்தில் தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் ஒன்று இருந்தது. அது வீப்கேக்குப் பிடித்த கறுப்புச் சாக்லேட். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீப்கே என்னிடம் எதைப் பார்த்தாள்?

இந்த ஒரு கேள்விதான் அவரைக் குடைந்தது. அவள் அவசரப்பட்டு எதையும் செய்கிறவள் இல்லை. ஒரு திரைத்துணி வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குவாள். அப்படிப்பட்டவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும். ஹின்ரிக் தன் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தார். மற்றவர்கள் மறந்துபோவதைக்கூட மனைவி மறப்பதில்லை.

கிறிஸ்துமஸ் சந்தைக் குலுக்கலில் ஒரு சீட்டு போதும் என்று அவள் சொல்லியும் கை நிறைய வாங்கினாரே, அதுவா? பரிசாக ஒரு இஸ்திரிப் பெட்டி விழுந்தது. அவள் அன்று சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை. மழை வராது என்று அடம்பிடித்துக் குடை எடுக்காமல் போய், இருவரும் தொப்பலாக நனைந்த நாள்கள். அதுவும் ஒருவிதச் சூதாட்டம்தானே? இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க, ஃப்ரவுக்கே சொன்னது அவ்வளவு தப்பில்லையோ என்றுகூட அவருக்குத் தோன்றிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்றைய மாலை. "மீன் சாப்பிடப் போறோம்" என்றுதானே அவளிடம் சொல்லிவிட்டு வந்தார்? காசினோ என்றால் கவலைப்படுவாள் என்று பொய் சொன்னார். சூதாடி பேசுகிற பேச்சும் அதுதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி, டையைச் சரிசெய்து அனுப்பினாள். தன்னைப் பற்றி இப்படி ஒரு பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதை நினைத்தபோது ஹின்ரிக் சாக்லேட்டைச் சட்டைப் பைக்குள் இன்னும் பத்திரமாகத் தள்ளிக்கொண்டார். கோபம் எல்லாம் எங்கோ போயிருந்தது.

வீட்டுக்குப் போய் அவளுக்காக விழித்துக்கொண்டு காத்திருப்பது என்று முடிவு செய்தார். வியாழன்களில் அவள் வரும்போது அவர் எப்போதும் தூங்கிப்போயிருப்பார். இன்று விளக்கைப் போட்டு வைத்து, மேஜையில் சாக்லேட்டை வைத்து, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ போட்ட தடை சரிதான், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கும் போய்விடலாம். கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

மனம் லேசாகி, கோட்டு அறைக்குப் போய், வந்தபோது கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த எண் வில்லையை நீட்டினார்.

கோட்டு அறையில் இருந்த பருத்த அம்மாள் வாய் ஓயாதவள். உள்ளே வந்தபோதே, கோட்டின் பொத்தானில் இருந்த சிவப்பு நூலை விரலால் தொட்டுப் பார்த்து, "கறுப்புக் கோட்டுக்குச் சிவப்பு நூலா? வீட்டுல தைச்சதா?" என்று கேட்டிருந்தாள். ஹின்ரிக் ரயில் பெட்டி இருக்கைகளுக்கு உறை தைத்து ஓய்வு பெற்றவர். விடைபெற்று வரும்போது பணிமனையில் கொடுத்த ஒரு பெரிய உருளைச் சிவப்பு நூல் இன்னும் தீரவில்லை. வீட்டில் எந்தத் துணியில் பொத்தான் அறுந்தாலும் அந்த நூல்தான். "நானே தைச்சது. துணி கிழிஞ்சாலும் பொத்தான் விழாது" என்று அப்போது பெருமையாகச் சொல்லியிருந்தார்.

இப்போது அவள் அவருடைய கோட்டைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். போகாமல் அவரையே சிரித்தபடி பார்த்தாள்.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா சார்? அம்மா வரலையா?"

"எந்த அம்மா?"

அவள் திரும்பி, உள்வரிசைக் கொக்கியிலிருந்து ஒரு பச்சைக் கோட்டை எடுத்து அவருடைய கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் பரத்தினாள். அதன் மேல் பொத்தானில், குறுக்கும் நெடுக்குமாக, அழுத்தமாக, அதே சிவப்பு நூல்.

ஹின்ரிக் சட்டைப் பையிலிருந்த சாக்லேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது கொஞ்சம் உருகியிருந்தது.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்திருந்தீங்கன்னா வீண்தான் சார்" என்றாள் அவள். "வியாழக்கிழமைன்னா அவங்க மூடற வரைக்கும் சக்கரத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க. போன வாரம்கூட என்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க, 'என்னை இங்கேருந்து இழுத்துட்டுப் போகக்கூடிய ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர்தான், அதனால அவரை உள்ளயே விடக்கூடாதுன்னு முதல்லயே எழுதிக் குடுத்துட்டேன்'னு."