எட்டாகப் பிரிந்த பெண்

படம் ஓட ஆரம்பித்துப் பத்தாவது நிமிடமே லிப்ட் மெக்கானிக்குக்குக் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். போன வாரம் தியேட்டரில் அவர் விட்ட குறட்டைக்கு மனைவி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அவளே டிஸ்க்கை வாடகைக்கு எடுத்து வந்து ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள்: படம் முடிந்ததும் அவர் கதை சொல்ல வேண்டும்.

"ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. ஒரே குடும்பம், பல உலகத்துல வாழுமாம். மண்டையக் கசக்கித்தான் பாக்கணுமாம்."

திரையில் ஒரு பெண் ரோஜாப் பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி எட்டுப் பேராகப் பிரிந்து வட்டமாகச் சுற்றினாள்.

"இதுல யாரு நிஜம்?"

"எட்டும் நிஜம். பேசாம பாருங்க."

"வசனமே காணோம். பாட்டாவே ஓடுது."

"அதாங்க கலை."

மீசைக்காரன் ஒருவன் பனிமலை மேல் மிதந்து வந்தான். மெக்கானிக்குக்குப் புரியவில்லை. ரிவைண்ட் செய்தார். வந்தவன் பின்பக்கமாகவே மிதந்து போனான். இருந்த கொஞ்சப் புரிதலும் அவனோடு போயிற்று.

தூக்கத்தை விரட்ட இரண்டு டம்ளர் காபி குடித்தார். அதனால் பாத்ரூமுக்கு ஓடித் திரும்பியபோது, இருபது பேர் வரிசையாக நின்று திரையிலிருந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இவங்க?"

"காவல்காரங்களா இருக்கும்." மனைவியின் குரலே இறங்கியிருந்தது.

அடுத்து ஒரு நீண்ட மேசை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இவங்களுக்கு ரகசியம் தெரியும். வெளிய சொல்ல மாட்டாங்க," என்றார் மெக்கானிக்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அப்படி ஒரு மரியாதையை அந்தக் கண்களில் அவர் கண்டதில்லை. அதன்பிறகு தூக்கம் போன இடம் தெரியவில்லை.

படம் முடிந்தது.

"ம், சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். "பூவுக்குள்ள இருந்தாலும் சரி, பனிமலையில நின்னாலும் சரி, அவ பக்கத்துல அந்த மீசைக்காரன்தான். எத்தனை உலகம் மாறினாலும் ஆள் மாறல. நானும் அப்படித்தான்டி. எங்க போய்ப் பொறந்தாலும் உன்கிட்டதான் திட்டு வாங்குவேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன ஒரு படம்! எடுத்தவன் கைக்கு மோதிரம் போடணும்."

காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், டிஸ்க் கடைக்காரப் பெண் மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா, கவர் மாறிப்போச்சு! உங்க படம் இந்தாங்க, எங்க அண்ணனோட கல்யாண வீடியோவக் குடுங்க."