மண் எல்லைத் துறை கண்ட சிவப்பு

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள் என்கிற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், மண் எல்லைத் துறை என்று ஒரு துறை உண்டாக்கப்பட்டது. மண்ணுக்கு எல்லை இருக்கிறது, அதை மேற்பார்வை பார்க்க ஆள் இல்லாமல் அது இத்தனை காலம் தன்போக்கில் கிடக்கிறது என்பது கோட்டைக்குப் பெரிய மனக்குறை. அதைப் போக்க வான் டிரோஸ்ட் என்ற துரை கப்பலேறி வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி தனக்கோடிக்குத் தெரியும். ஆனால் துரை பக்கத்தில் இருக்கும்போது தனக்கோடி பேசும் தமிழ் ஊரில் ஒருவருக்கும் புரியாது.

துரை ஒரு கோடை முழுக்கக் குடை பிடித்து நடந்து, மகத்தான உண்மை ஒன்றைக் கண்டார். கடல் பக்கம் மணல்மேடு. காட்டூர்ப் பக்கம் போனால் நெல் விளையும் களிமண். இரண்டும் ஒட்டுகிற இடத்தில் ஒரு கோடு ஓடுகிறது. ஆறு அந்தக் கோட்டில் முட்டித்தான் வளைகிறது. நல்ல தண்ணீர் ஊற்று அந்தக் கோட்டில்தான். ஊர்கள் அந்தக் கோட்டில்தான். கப்பலில் போகும் துணிக்குச் சிவப்புச் சாயம் போடுகிற தொட்டிகளும் அந்தக் கோட்டில்தான். அங்கே தண்ணீர் எடுக்கப் போகிற எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்தான் என்றாலும், அதுவரை யாரும் இதைக் கண்டுபிடித்திருக்கவில்லை.

அந்தக் கோட்டின்மேல் சாயத்தொட்டி வைத்திருந்தவள் காசியம்மாள். புருஷன் இல்லை. தொட்டியும் அதன் பக்கத்து ஊற்றும்தான் அவளுக்குச் சோறு போட்டன. அவள் போடும் சிவப்பு, பழவேற்காட்டு உப்பேரியில் எவ்வளவு தூரத்தில் வருகிற தோணிக்கும் கண்ணில் படும். அதனால் மீனவர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி ஏரியைப் பிரித்துக்கொள்வார்கள். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ அது அவருடைய பாடு. பாட்டின் மூலைகளில் கழி நட்டு, கழி உச்சியில் காசியம்மாள் கைச் சிவப்புத் துணியைக் கட்டவேண்டும். அதைத் தாண்டி யாரும் வலை போடக்கூடாது.

துரை ஊற்றங்கரைக்கு வந்தார்.

"இவ்விடத்தே நீர் சுரப்பதற்கான ஆதிகாரணம் யாதென்று துரையவர்கள் வினவுகிறார்கள்" என்றார் தனக்கோடி.

"இன்னாது?"

தனக்கோடி குரலைத் தாழ்த்தினார். "தண்ணி ஏன் வருதுனு கேக்குறாரு."

காசியம்மாளை அதுவரை எந்தப் பெரிய மனிதரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அதுவா? மணலும் களியும் ஒட்டுற எடம் இது. இந்தக் கோடு எங்க கீதோ அங்க தண்ணி தானா வரும். தண்ணி வந்தா ஊர் வரும். ஊர் வந்தா சாயம் வரும். எல்லாம் இந்தக் கோடு பண்ற வேலை!"

மழை என்று ஒன்று உண்டு என்பதைச் சொல்ல அவள் மறந்தாள். கேட்கத் துரையும் மறந்தார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கோடுதான் எல்லாவற்றையும் தருகிறது என்றால், அது துரையின் ஜன்னலுக்கு எதிரே இருப்பதே நிர்வாகத்துக்கு உகந்தது. ஜன்னலுக்கு எதிரே இருப்பது வெறும் களி. அங்கே மணலைக் கொண்டுவந்து கொட்டினால் மணலும் களியும் ஒட்டும். ஒட்டினால் கோடு. கோடு வந்த பிறகு ஆறு, ஊற்று, ஊர், சாயம் ஆகியவை தாமதமின்றி ஆஜராக வேண்டியது. மணலுக்கு எங்கே போவது? காசியம்மாளின் மேடு இருக்கவே இருக்கிறது.

மணல் ஏற்றத் தோணிகள் கொடுத்தவர் மீனவர் தலைவர் பெருமாள். காசியம்மாள் அவரிடம் ஓடினாள்.

"அண்ணே, மேட்ட வாரிட்டா என் ஊத்து இன்னா ஆவும்?"

"சும்மா கெட காசி. கோட்டைக்காரன் எங்கையில தோணி கேட்டு ஆள் அனுப்புறான். எங்க நைனா காலத்துல எவனாச்சும் கேட்டானா?"

மேடு தோணி ஏறிப் போயிற்று. ஜன்னலுக்கு எதிரே கோடு போட்டு, கோட்டின்மேல் கிணறு தோண்டினார்கள். தண்ணீர் வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. 'நீர் கிடைத்துவிட்டது, ருசி பின்னர் வந்து சேரும்' என்று துரை மேலிடத்துக்குத் தெரிவித்தார். இங்கே மேடு போன பள்ளத்தில் ஏரி புகுந்து பழைய ஊற்றையும் உப்பாக்கிவிட்டது. தொட்டியைப் புதுக் கோட்டுக்கு மாற்றச் சொன்ன அன்றைக்குக் காசியம்மாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாவம், அழுகையைக் கவனிக்கத் துறையில் தனி அதிகாரி நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

உப்புத் தண்ணீரில் முக்கின துணி வெளியே வந்தது. மழைக்குப் பிறகு ஏரி எந்த நிறத்தில் கிடக்குமோ, அந்த நிறம்.

"இது செவப்பே இல்ல துரை" என்றாள் காசியம்மாள்.

துரை கேள்விகளை அடுக்கினார். துபாசி எடுத்துச் சொன்னார்.

"சிவப்புச் சாயவேர்தானே இட்டாய்?"

"ஆமா."

"சிவப்புக்கென்றே உள்ள தொட்டிதானே?"

"ஆமா."

"அரசாங்கக் கோட்டின் மீதுதானே?"

"ஆமா, அதுக்கு?"

"ஆகவே இது சிவப்பு. இதுகாறும் நீ போட்டுவந்தது என்ன நிறம் என்பதுதான் விசாரணைக்குரியது."

விசாரணை என்றதும் காசியம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

தனக்கோடியின் சம்சாரம் முதலில் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். துபாசி வீட்டம்மாளே கட்டுகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் அல்லவா? பழைய பளீர்ச் சிவப்பை இனிமேல் கூலிக்காரிகூடத் தொடமாட்டாள் என்று ஆயிற்று. காட்டூரில் நெல் விற்றுக் காசு பார்த்தவர்கள் சேற்றுநிறத் துணிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெருமாள் தம் மகள் குணசுந்தரியை அந்தச் சேலையில்தான் மணவறையில் உட்காரவைத்தார். வந்தவர்கள் எல்லோரும் "அப்பா, இன்னா செவப்பு!" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

பிறகு சீட்டுக் குலுக்குகிற நாள் வந்தது. பாடு பிரித்து, கழி நட்டு, சேற்றுநிறத் துணியைக் கட்டினார்கள். விடிந்து பார்த்தால் சேற்றுத் தண்ணீரில் கழி எங்கே என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. அவன் பாட்டில் இவன் வலை, இவன் வலைமேல் இன்னொருவன் தோணி. மீன் போய்விட்டது, மண்டைகள் உடைந்தன. தலையில் கட்டோடு பெருமாள் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனார்.

"துணி கண்ணுக்குத் தெரியல துரை. தண்ணியும் அதுவும் ஒரே கலரா கீது."

"துணியின் நிறம் யாது?" என்றார் தனக்கோடி.

பெருமாள் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது.

"செவப்புதான் துரை."

"தண்ணீரும் துணியும் ஒரே நிறம் என்றாய். துணி சிவப்பு. எனவே ஏரி சிவப்பு."

அன்றே ஏரி சிவப்பு என்று தண்டோரா போடப்பட்டது. புதுக் கடல் ஒன்று கண்டவருக்கு உரிய மரியாதையோடு துரை பதவி உயர்ந்து கப்பலேறினார்.

அவர் போன பிறகு பெரும்புயல் அடித்தது. கடல் தானாகவே மணலை வாரிப் பழைய இடத்தில் போட்டது. ஐப்பசி மழை அந்த மணலுக்குள் இறங்கி நின்றது. ஒரு நாள் காசியம்மாள் ஊற்றில் கை வைத்து நாக்கில் தொட்டாள். இனிப்பு. சிரித்துக்கொண்டே தொட்டியைத் திரும்பத் தூக்கி வந்து, சாயவேர் காய்ச்சி, துணியை முக்கி எடுத்தாள். பழைய பளீர்ச் சிவப்பு. அந்த வருஷக் குலுக்கலுக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு பெருமாள் முன்னால் போய் நின்றாள்.

"இன்னா காசி இது? செவப்பு கேட்டா இன்னாத்தையோ தூக்கிக்கினு வர?"

"நல்லா பாருண்ணே. இதான் செவப்பு. கழியில கட்டினா ஏரி முழுக்கத் தெரியும். வலை சிக்காது, மண்ட ஒடையாது."

பெருமாள் துணியை நன்றாகத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது. கூடியிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"இத செவப்புனு ஒத்துக்கினா," என்றார் பெருமாள், "எம் பொண்ணு கல்யாணத்துக்கு இன்னாத்த கட்டிக்கினு ஒக்காந்தா?"

கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டில் அதே சேலைதான். எல்லோரும் தலைவர் பேச்சுக்குத் தலையாட்டினார்கள்.

காசியம்மாள் அவர்களை ஒரு முறை பார்த்தாள். "இரு அண்ணே, செவப்பாக்கித் தரேன்" என்று சொல்லிவிட்டு, ஏரியில் இறங்கி, துணியைச் சேற்றில் போட்டு மிதித்தாள்.