மருமகளின் சாமத்திய வீட்டில் என் நேர்சிங் இன்ரர்வியூ

இருபது வருடம் ரொறன்ரோவில் வாழ்ந்த பிறகும், அழைப்பிதழில் அச்சடித்த நேரத்தை நம்பிய ஒரே தமிழ்ச்சி நானாகத்தான் இருக்க வேண்டும். அட்டையில் ‘காலை 11.30 மணி’ என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. பொன் எழுத்தில் போட்டால் உண்மையாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, ஊட்டிவிடுவது என்று ஒன்பது வருடம் ஓடியிருந்தது. நேர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒய்யாரமாகப் போவார். நான் கழிவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். (வண்டி தள்ளுவதற்குத்தான் நேர்சிங் படிக்க ஆசைப்பட்டாயா என்று கேட்டால், கொஞ்சம் ஓம்.) மல்வேர்னில் வீடு, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். என் கணவர் இவருக்கோ பிறம்ரனில் களஞ்சிய வேலை, விடியப் போய்ப் பின்னேரம் வருவார். ஆகவே பகலில் வேலை, இரவில் படிப்பு என்ற ஒரே வழிதான் எனக்கு இருந்தது.

மாலை நேர வகுப்பு தேடி நான் பட்ட பாடு தனிக்கதை. ஒரு கல்லூரியில் ‘பகுதி நேரம்’ என்றால் திங்கள் முதல் புதன் வரை காலை ஒன்பது முதல் மூன்று வரை. அந்த நேரத்தில் வேலைக்குப் போகாதவர்கள் யார் என்று போனில் கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். இன்னொன்று உண்மையிலேயே மாலை வகுப்பு, ஆனால் பிறம்ரனில். இவர் வீட்டுக்கு வரும் நேரம் நான் எதிர்த்திசையில் போனால் நெடுஞ்சாலையில் கையசைத்துக்கொள்ளலாம், குடும்பம் நடத்த முடியாது. மூன்றாவது கல்லூரி அந்தப் படிப்பை எப்போதோ நிறுத்திவிட்டதாம். இணையப் பக்கத்தை நீக்கத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. செவ்வாய், வியாழன் மாலையும் சனிக்கிழமையும் வகுப்பு. மோர்னிங்சைட் பக்கம், வீட்டிலிருந்து ஒரே பஸ். நுழைவுச் சோதனை எழுதிப் பாஸும் பண்ணிவிட்டேன். மிச்சம் இருந்தது வீடியோவில் ஓர் இன்ரர்வியூ. நான் மின்னஞ்சலைத் திறந்தபோது ஒரே ஒரு நேரம்தான் மீதி இருந்தது: சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை. அதைத் தவறவிட்டால் அடுத்த வகுப்பு எப்போது தொடங்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமைதான் என் அண்ணாவின் மகள் அபிஷாவின் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி அண்ணாவுக்குப் போன் எடுத்து, “எனக்கு மூண்டரைக்கு இன்ரர்வியூ இருக்கு” என்று சொல்லியிருப்பாள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். விசாவோ வீடோ பிள்ளையோ, காரியம் கைகூடும்வரை மூச்சு விடமாட்டோம். நாலு பேர் வாயில் விழுந்தால் நாவூறு பட்டுவிடும். நானும் இவரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நாவூறு பாதி, கிடைக்காமல் போனால் எல்லாரும் பரிதாபப்படுவார்களே என்ற பயம் பாதி. அந்தப் பரிதாபத்தை என்னால் தாங்கியிருக்க முடியாது.

ஆகவே கணக்குப் போட்டேன். பதினொன்றரைக்குச் சடங்கு, ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு வீடு, மூன்றரைக்குத் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு கணினி முன்னால்.

பதினொன்றரைக்கு மண்டபத்தில் நாங்களும் கதிரை அடுக்குகிறவர்களும் நின்றோம். பன்னிரண்டரைக்கு அண்ணா வந்து, “என்னடி, இவ்வளவு வெள்ளென வந்திட்டியள்” என்று கவலைப்பட்டார். மேக்கப் போடுகிறவர் இன்னும் முடிக்கவில்லையாம். மருமகள் பல்லக்கில் வந்து இறங்கியபோது மணி மூன்று பத்து. தட்டில் தீபம் ஏந்தி அவளுக்கு ஆலாத்தி எடுக்க வேண்டிய முதல் மாமி நான். நழுவினால் பரம்பரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் அறை இருந்தது. இவரைக் கதவில் காவலுக்கு நிறுத்தினேன். “ஒருத்தரையும் விடாதேங்கோ.”

“நான் நிக்கிறன். நீ யோசியாமல் கதை,” என்றார்.

மூன்றரைக்குப் போனைத் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பாவில் சாய்த்து வைத்தேன். திரையில் நரைத்த தலையுடன் ஒரு அம்மாவும் ஓர் இளைஞரும் தெரிந்தார்கள். அவர்களுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சிவப்புக் காஞ்சிபுரம், அட்டியல், தலை நிறையப் பூ, சுற்றிவர இருபது பல்புகள் எரியும் கண்ணாடி.

“மிக அழகாக உடுத்தியிருக்கிறீர்கள்,” என்றார் அந்த அம்மா. “ஏதாவது விசேஷமா?”

இல்லை, சனிக்கிழமைகளில் வீட்டில் இப்படித்தான் உடுப்போம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பொறுப்பில்லாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வாய் தானாக ஓடியது. அந்த நேரம் பார்த்து வெளியே மேளம் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் பழகுகிறார் என்றேன். இளைஞர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார்.

பிறகு நல்ல கேள்வி ஒன்று வந்தது. குளிக்க மறுக்கும் முதியவரை என்ன செய்வீர்கள்? இது என் ஒன்பது வருடச் சங்கதி. நான் எழுந்தே விட்டேன். எப்படிப் பக்கத்தில் இருப்பது, எப்படிக் கையைப் பிடிப்பது, துவாயால் எப்படிப் போர்த்துவது என்று காற்றில் ஒரு கிழவரைப் பிடித்து முழுக்கக் குளிப்பாட்டிக் காட்டினேன். காலிடுக்கைக்கூட விடவில்லை.

திரும்பிப் பார்த்தால் அறைக்குள் வீடியோக்காரர் நிற்கிறார். கமரா என் முகத்துக்கு நேரே.

“அக்கா, நீங்கள் உங்கட பாட்டில கதையுங்கோ,” என்றார் மெதுவாக. “நல்ல நச்சுரலா வருது.”

நான் கண்ணால் காட்டிய எரிச்சலையும் அவர் நச்சுரலாக எடுத்துக்கொண்டார். கதவில் இவரைக் காணவில்லை. (பொரித்த றோல்ஸ் வந்ததாம். சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டுமாம். இதைப் பற்றி நாங்கள் இன்றைக்கும் கதைத்து முடிக்கவில்லை.)

“மாலை வகுப்பு கடினம்,” என்று அந்த அம்மா தொடர்ந்தார். “வேலையும் செய்கிறீர்கள், சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டில் யார் உதவி?”

இதை மட்டும் நான் கணக்கில் போட்டிருக்கவில்லை. இவர் பின்னேரம் வரப் பிந்தும் நாட்களில் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாத படிப்புக்கு யாரிடம் உதவி கேட்பது? அப்போது அண்ணி ஆலாத்தித் தட்டோடு உள்ளே வந்தார். தட்டில் திரி எரிந்துகொண்டிருந்தது.

“சுகந்தி, என்ன உங்கை செய்யிறாய்? வெளியில ரெண்டு ஸ்கிரீன்லயும் உன்ர முகம்தான் போகுது. மூண்டு மூண்டரை நூறு சனம் நீ ஆரைக் குளிப்பாட்டுறாய் எண்டு பாத்துக்கொண்டிருக்குது.”

வீடியோக்காரரின் கமரா மண்டபத் திரைகளோடு நேரடியாகத் தொடுத்திருந்ததை அப்போதுதான் அறிந்தேன். சத்தம் போகவில்லை, படம் மட்டும்தான். நாதஸ்வரத்துக்கு ஏற்றபடி நான் காற்றைக் கழுவி, துடைத்து, போர்த்தியதை முழு மண்டபமும் பார்த்திருக்கிறது. முன் வரிசையில் ஒரு அன்ரி, இது புதுசாக வந்த சடங்கோ என்று கேட்டாராம்.

“யார் அது?” என்றார் போனுக்குள் இருந்த அம்மா.

மேற்கொண்டு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், மருமகள், அட்டையில் போட்ட நேரம், பக்கத்து வீட்டுக்காரர் மேளம் பழகவில்லை என்பது வரை. தமிழில் அண்ணிக்கும் படிப்பு, வகுப்பு நாட்கள் எல்லாம் சொன்னேன். அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

“படிக்கப்போறன் எண்டு எங்களுக்குச் சொல்ல என்ன? நாங்கள் என்ன பிறத்தியாரோ?” என்றவர், தட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனுக்கு முன்னால் குனிந்தார். தான் இவளுடைய அண்ணி என்றும், செவ்வாயும் வியாழனும் பிள்ளைகள் தன் வீட்டில் சாப்பிட்டுத் தன் வீட்டிலேயே படிக்கும் என்றும், வேறு கேள்வி இருக்கிறதா என்றும் ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது. கண் மை கன்னத்தில் இறங்கியது. வீடியோக்காரர் இன்னும் கிட்ட வந்தார்.

அந்த அம்மா சிரித்தார். “முதலில் உங்கள் கடமையை முடித்துவிட்டு வாருங்கள். நாங்கள் ஐந்து மணிவரை இருப்போம்.”

மை வழிந்த முகத்தோடு ஆலாத்தி எடுத்தேன். நாலே முக்காலுக்குத் திரும்பவும் அழைத்தேன். கடைசிக் கேள்வி, நெருக்கடியான ஒரு நிலைமையை நீங்கள் சமாளித்த விதத்தைச் சொல்லுங்கள் என்பது. எதைச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன். “வேண்டாம், பார்த்துவிட்டோம்,” என்றார் இளைஞர்.

இடம் கிடைத்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது: எங்கள் ஸ்காபரோப் பகுதி முழுவதும் என் சோதனை விபரம் பரவியது. மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறிக்கிற அன்ரி, “மாக்ஸ் வந்திட்டுதோ பிள்ளை?” என்பார். இரண்டாம் வருடம் மருந்துப் பாடத்தில் தோற்று, படிப்பே வேண்டாம் என்று ஒரு கிழமை அழுதேன். விட்டிருப்பேன். ஆனால் விடுவதென்றால் அந்த மண்டபம் நிறைந்த சனத்துக்கும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அதைவிடப் படிப்பது சுலபமாக இருந்தது. நான் ரகசியமாகப் படித்திருந்தால் ரகசியமாகவே விட்டிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது வண்டி தள்ளுகிறேன். நினைத்ததைவிடப் பாரம்.

அபிஷாவுக்கு இப்போது பதினெட்டு வயது. போன மாதம் அண்ணா வீட்டுக்கு வந்த சிநேகிதிகளுக்குத் தன் சாமத்திய வீட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். நான் தேத்தண்ணியோடு போனபோது திரையில் நான் காற்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

“திஸ் இஸ் மை மாமி பிகமிங் எ நேர்ஸ்,” என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள். பிறகு வீடியோவை ஓடவிட்டு, மேடையில் மாலையும் கழுத்துமாகக் குந்தியிருந்த சின்ன உருவத்தைக் காட்டினாள். “அண்ட் தற்ஸ் மீ. வெயிட்டிங்.”