முப்பது நாளாருக்கு அரசாங்கம் போட்ட மனு

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே அரசாங்கம் என்று ஒன்று ஒழுங்காக நடந்ததென்றால், அதற்கு ஒரே காரணம் முப்பது நாளார்தான். கலெக்டர்கள் வருவார்கள், போவார்கள். இவர் மட்டும் மாற்றலே ஆகாதவர்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவை நீட்டிவிட்டு, "முப்பது நாளு, சார்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். பெயர் ஒட்டிக்கொண்டது. பதில் எழுத வேண்டிய துணைத் தாசில்தார் அடியேன். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். வேண்டுமானால் மனுப் போடுங்கள்.

ஆபீஸில் எத்தனை மின்விசிறி, அதில் சுற்றுபவை எத்தனை என்று ஒரு மனு. குடிதண்ணீர்ப் பானையைக் கடைசியாகக் கழுவியவர் யார், எந்தத் தேதியில் என்று இன்னொன்று. அந்த மனுவுக்குப் பயந்து பானையை நானே கழுவினேன், ஐயா!

ஆனாலும் ஈரமுள்ள மனுஷன். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஜன்னலோரம் தலை தெரியும். "சார், நாளையோட முடியுது. ரெண்டு வரி எழுதிப் போட்டுடுங்க. ஒங்களுக்கு அபராதம் விழுந்துச்சுன்னா எனக்கு மனசு கேக்காது."

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், ஒன்று முதல் பதினெட்டு வரை எண் போட்ட கேள்வித்தாளை நீட்டினாராம். மாப்பிள்ளை பதினேழுக்குப் பதில் எழுதினார். கல்யாணம் நடந்தது. பதினெட்டாவது கேள்வி நிலுவையில் இருக்கிறது.

ஒரு மழையில் எங்கள் ஆவண அறைக் கூரை ஒழுகி, ஒரு கட்டுக் கோப்பு கூழாகிப்போனது. ஒரு ஏரியின் வரத்து வாய்க்கால் கோப்பும் அதில் போச்சு. வாய்க்காலைத் தூர்த்து லாரிக்குப் பாதை போட்டிருந்த கல்குவாரிக்காரர், "அங்க வாய்க்காலே கெடையாதே!" என்று கையை விரித்தார். திங்கட்கிழமை விசாரணை. காகிதம் இல்லையென்றால் ஏரிக்குத் தண்ணீர் இல்லை. கோப்பைத் தொலைத்தவன் என்று எனக்கு வேலையும் இல்லை.

சனிக்கிழமை முப்பது நாளார் வீட்டு வாசலில் போய் நின்றேன். முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க! மோரு சாப்புடுறீங்களா?"

"மோரு இருக்கட்டுங்க. அந்த வாய்க்கால் கோப்புக்கு நகல் வாங்குனீங்களே, இருக்குங்களா?"

"இருக்கலாம், இல்லாமயும் போகலாம். எழுத்து மூலமா கேளுங்க."

"ஐயோ, திங்கக்கிழமை விசாரணைங்க!"

"எனக்கு முப்பது நாளு இருக்குல்ல?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அட, பாவம் அந்த மனுசன்! எடுத்துக் குடுத்துத் தொலைங்களேன்."

அவர் அசையவில்லை. வெள்ளைத்தாளும் பேனாவும் வந்தன. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, அரசாங்கத்தின் சார்பில் குடிமகனுக்கு மனு எழுதினேன். வாசித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். "தேதி போடலயே, சார்." போட்டேன். பத்தே நிமிஷத்தில் டிரங்குப் பெட்டியிலிருந்து கட்டு வெளியே வந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'உண்மை நகல்' முத்திரை, கீழே என் கையெழுத்து.

"என்னையத் திட்டிக்கிட்டே போட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த ஏரிப் பாசனத்துல உங்களுக்கு ஒரு குழி நெலம்கூட இல்லையே. எதுக்குங்க இவ்வளவு பாடு?"

"அரசாங்கம் யாரு வூடு சார்? நம்ம வூடு. நம்ம வூட்டு அடுக்குப்பானையில என்ன இருக்குன்னு நாம எட்டிப் பாக்கக் கூடாதா?"

சட்டப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை வாய்க்கால் பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

அடுத்த வாரம் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. 'தங்கள் மனுவின் மீது தகவல் வழங்கப்பட்டுவிட்டது. திருப்தி இல்லையெனில் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு அலுவலர்: என் மனைவி.'

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தபால்காரர் மணி அடித்தால், முப்பது நாளார் ஒரு கேள்வியாவது கேட்டு எழுதியிருக்க மாட்டாரா என்று இன்றும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.