வலி மாத்திரைக்கு ஒரு கிரேக்கர்

தலைவலிக்கு மாத்திரை கேட்டால் முதலில் தலைவலியைக் கூட்டிவிட்டு, அப்புறம் மாத்திரை தருகிற மருந்துக் கடைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் சின்னமனூர் கிரேக்கர்.

அசல் பெயர் எனக்குத் தெரியாது. கிரீஸ் எந்தத் திசை என்று கேட்டால் போடிப் பக்கம் கையைக் காட்டுவார். ஆனால் 'அனால்ஜெசிக்' என்ற சொல்லின் பிறப்பு வளர்ப்பைச் சொல்லாமல் வலி மாத்திரையை எடுக்க மாட்டார். நான்கு நிமிடம் ஆகும். கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் மாத்திரை. முட்டிவலிக்காரனான நான் அந்தப் பாடத்தை இருநூற்றுப் பதினோரு முறை கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் எனக்கு முன்னால் மேகமலை எஸ்டேட் பெண்மணி ஒருத்தி நின்றாள். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. மலை பஸ் கிளம்ப ஆறு நிமிடம். அதை விட்டால் மறுநாள்தான்.

"பல்லு வலிய்யா. வெரசா மாத்திரை குடுங்க."

"குடுக்குறேன் ஆத்தா. அனால்ஜெசிக், கிரேக்கச் சொல்லு. 'அன்'னா இல்லாம. 'ஆல்ஜெசிஸ்'னா வலி தெரியுறது."

"வலி இல்லாமயா? இந்தா, இங்கன இருக்குல்ல!"

"அதத்தான் சொல்றேன். வலி போயிரும்னு அந்தச் சொல்லு சொல்லல. வலி இருக்கும், ஒனக்குத் தெரியாது. அம்புட்டுத்தான். எத்தன நாளா மாத்திரை போடுற?"

"இருவது நாளா. கங்காணி குடுத்தாக."

பஸ் ஹாரன் அடித்தது. வரிசையில் இருந்த ஏழு பேரும் கத்தினோம். அதிகம் கத்தியவன் நான்.

"யோவ், பஸ் போகுதுய்யா! பாடத்த அப்பறம் நடத்தும்!"

பஸ் போயேவிட்டது. அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். கிரேக்கர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவரவர் வலியோடு நாங்கள் ஐம்பத்திரண்டு நிமிடம் வெயிலில் நின்றோம்.

தனியாகத்தான் திரும்பினார். சீழ் தாடைக்குள் இறங்கிவிட்டதாம். இன்னும் நான்கு நாள் மலையில் இருந்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டாள் என்றாராம் டாக்டர்.

"மாத்திரையக் குடுத்திருந்தா பஸ்ஸப் பிடிச்சிருப்பா" என்றபடி ஷட்டரைத் தூக்கினார். "யாரு அடுத்தது?"

அடுத்தது நான். அவசரப்படுத்தாமல் நான்கு நிமிடமும் கேட்டு, திருப்பியும் சொன்னேன்.

போன வாரம் கண் ஆபரேஷனுக்காகக் கிரேக்கர் தேனிக்குப் போய்விட்டார். எதிர்க்கடையில் பதினோரே விநாடியில் பத்து மாத்திரை கொடுத்தார்கள்.

பத்தும் அப்படியே சட்டைப் பையில் இருக்கின்றன. கிரேக்கர் திங்கட்கிழமை கடை திறக்கிறார்.